பக்கத்து வீட்டு மன்னிப்பு

அக்டோபரில் ஒரு நாள் காலை ஆபீஸுக்கு போன் வந்தது. எடுத்தவள் நான்.

“எங்க கிளி இடப்பக்கம் திரும்புது” என்றார் ஒரு பெண்மணி. வயதான குரல்தான், ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேரும் குரல்.

மிருக டாக்டருக்குப் போட வேண்டிய போன் எங்களுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். “அம்மா, இது வீடு இடிக்கிற கம்பெனி” என்றேன்.

“தெரியும். அதனாலதான் போட்டேன். இருங்க, நீங்களே கேளுங்க.”

போனைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோனார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் சிறகு படபடத்தது. பிறகு கீச்சுக் குரலில், மிகுந்த மரியாதையோடு கேட்டது: “இடப்பக்கம் திரும்புகிறேன். கவனமாக இருங்கள்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அது எங்கள் லாரியின் குரல்.

நாகாவோகா நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீட்டை அப்போது இடித்துக்கொண்டிருந்தோம். லாரியை ஓட்டுகிறவன் நாகுமோ. லாரி இடது பக்கம் திரும்பும்போது ஒரு பெண் குரல் ஜனங்களை எச்சரிக்கும். எல்லா லாரியிலும் உள்ளதுதான். எங்கள் லாரியில் அந்த ஸ்விட்ச் சிக்கிக்கொண்டது. நின்ற இடத்தில் நின்றபடியே வேலை முடியும்வரை, நாள் முழுக்க, லாரி இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. நாகுமோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமாளித்தான். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கிளிக்குப் பஞ்சு வைக்க யாரும் இல்லை.

அந்த அம்மாளின் பெயர் ஒனோசுகா ரித்சுகோ. ஓய்வு பெற்ற ஆசிரியை. கிளிக்குப் பெயர் மாமே. காணாமல் போனால் திரும்பி வரட்டும் என்று வீட்டு விலாசத்தைச் சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தார். நகரத்துப் பேசும் பறவைகள் போட்டியில் போன வருஷம் இரண்டாம் பரிசு. இந்த வருஷப் போட்டி அடுத்த மாதம். மாமே இப்போது விலாசத்தை ஆரம்பித்து, கதவு எண் வரை வந்து, அங்கே இடப்பக்கம் திரும்பிவிடுகிறது.

“இன்னொண்ணும் சொல்லணும்” என்றார். “வேலை ஆரம்பிக்கும்போது அக்கம்பக்கம் எல்லாருக்கும் கைத்துண்டு குடுத்து வணக்கம் சொன்னீங்களாமே. எனக்கு வரல.”

அவர் வீட்டு வாசல் அடுத்த சந்தில் திறக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவர் வீட்டுப் பின்மதில் மட்டும்தான். ஆனால் இதையெல்லாம் சொன்னால் சாக்குச் சொல்வது போல ஆகும். போனைப் பிடித்துக்கொண்டே நான் நாற்காலியிலிருந்து எழுந்து குனிந்தேன்.

முதலாளி குவாபாராவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“கிளி செத்துப்போச்சா?”

“இல்ல முதலாளி. பேசுது.”

“பேசுறதுக்கா மன்னிப்பு?”

“பேசக் கூடாததப் பேசுது.”

முதலாளி தலையைச் சொறிந்தார். “ஜன்னல் கண்ணாடி ஒடஞ்சா பிஸ்கட்டு. மதில் விழுந்தா யோகான். கிளி எதுல வருது?”

“கிளிக்கு உயிர் இருக்கே” என்றார் பக்கத்து மேஜையிலிருந்த கட்டாகிரி.

அதோடு முடிவாயிற்று, யோகான்தான். சிவப்புப் பயறைக் காய்ச்சி இறுக்கின அந்தக் கறுப்பு இனிப்பு செங்கல் கனம் கனக்கும். பெட்டியை வாங்குகிறவரின் தோள் லேசாகக் கீழே இறங்க வேண்டும். செய்த தப்பு நமக்கு உறைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் பக்கத்து மிட்டாய்க்கடையில் இருப்பதிலேயே பெரிய பெட்டியை வாங்கி வந்தேன்.

கட்டாகிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பனைப் பிரிவுக்குத் தலைவர் என்று பெயர். அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். உண்மையில் அவருடைய வேலை மன்னிப்பு கேட்பது. நல்ல உயரம், அவர் குனியும்போது அந்த உயரம் முழுவதும் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும், எதிரில் நிற்பவரின் கோபம் பாதி வழியிலேயே இளகிவிடும். வார்த்தைகளும் எப்போதும் ஒன்றேதான்: “இந்த முறை எங்களால் தங்கள் குடும்பத்தாருக்கு நேர்ந்த அளவில்லாத சங்கடத்துக்கு எப்படி வருந்துவதென்று தெரியாமல் வந்து நிற்கிறோம்.” என்ன சங்கடம் என்று சொல்லமாட்டார். “விவரம் சொன்னா வெளக்கம் ஆயிடும். வெளக்கம் சொன்னா சண்டை ஆயிடும்” என்பார்.

போன் வந்த மூன்றாம் நாள் அவரும் நாகுமோவும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனார்கள். நாகுமோவுடைய கோட்டு கல்யாணத்துக்குத் தைத்தது, பொத்தான் சேராது. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்கள். கட்டாகிரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“மன்னிச்சிட்டாங்களா?” என்றார் முதலாளி.

“மன்னிச்சாங்களாவா? அழுதுட்டாரு முதலாளி, அந்தப் பெரியவரு. ‘இத்தன காலம் கழிச்சாவது வந்தீங்களே’ன்னு கையப் புடிச்சிக்கிட்டாரு.”

“மூணு நாள்தானேய்யா ஆச்சு?”

“குத்திக்காட்டுறாருன்னு நெனச்சேன். இல்ல, நெசமாவே அழுதாரு. இப்படி ஒரு மன்னிப்ப நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல.”

மறுநாள் காலை போன் அடித்தது.

“ஒனோசுகா ரித்சுகோ பேசறேன். இன்னைக்கோட நாலு நாள் ஆச்சு, யாரும் வரல. உங்க கம்பெனியில யாருக்காவது கால் சுளுக்கா?”

நான் போனைப் பொத்திக்கொண்டு கட்டாகிரியைப் பார்த்தேன். “சார், நேத்து நீங்க போன வீட்டுல கிளி இருந்திச்சா?”

“பாக்கல.”

“கேக்கலியா?”

“மன்னிப்பு கேக்கப் போன எடத்துல, கிளியக் கொஞ்சம் காட்டுங்கன்னா கேப்பாங்க?”

“அந்தம்மா தனியா இருக்காங்க சார். பெரியவரே கிடையாது.”

கட்டாகிரி மெதுவாக உட்கார்ந்தார். “மூணாம் பகுதி, பன்னெண்டு, ஒனோசுகா” என்றார். “வாசப்பலகையில பேரு இருந்துச்சு. நம்பர் இருந்துச்சு.”

நகராட்சியில் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அது ஒரு காலத்தில் ஒரே ஒனோசுகா குடும்பத்து மனை. பிரித்துப் பிரித்து வீடு கட்டிக்கொண்டார்கள், நம்பரை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. இப்போது பன்னிரண்டாம் நம்பரில் நான்கு வீடு. நான்கிலும் ஒனோசுகா. யாருக்கு யார் என்ன உறவு என்பது அவர்களுக்கே மறந்துவிட்டது.

முதலாளி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். “கேட்ட மன்னிப்பத் திருப்பி வாங்கறதுக்கு ஏதாவது வழக்கம் இருக்கா?”

யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பெட்டி வாங்குவது என்று முடிவாயிற்று. ஒன்று ரித்சுகோ அம்மாளுக்கு. இன்னொன்று, தவறுதலாக மன்னிப்பு கேட்டதற்கு மன்னிப்பு கேட்க, அந்தப் பெரியவருக்கு. முதலாளியே நேரில் போனால் விஷயம் பெரிதாகிவிடும் என்று முதலாளியே சொன்னார். “யோனெயாமா, நீயும் கூடப் போ. பொம்பளை ஒருத்தி நின்னா நல்லது” என்று என்னை அனுப்பினார்.

முதலில் ரித்சுகோ அம்மாள் வீட்டுக்குத்தான் போவதாக இருந்தோம். ஆனால் சந்து திரும்பியதுமே பெரியவர் இலை கூட்டிக்கொண்டு நிற்கிறார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“தொயோ! இங்க வந்து பாரு! மறுபடியும் வந்திருக்காங்க!”

அவர் பெயர் தாமெகிச்சி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுக்க மறுக்க உள்ளே இழுத்துப் போய் உட்காரவைத்தார். வீட்டுப் பூஜை மாடத்தில், அப்பா அம்மா படத்துக்குக் கீழே, எங்கள் யோகான் பெட்டி இருந்தது. வெறும் பெட்டி.

“பெரியவங்களுக்கு முதல்ல படைச்சோம். வெவரம் சொல்லி மணி அடிச்சோம். அப்புறந்தான் சாப்பிட்டோம்” என்றார் தாமெகிச்சி.

செத்துப்போனவர்கள் வரைக்கும் செய்தி போய்விட்டது. கட்டாகிரியின் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

தாமெகிச்சியின் மனைவி தொயோ டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை, எதிரிலேயே உட்கார்ந்தார். “நல்ல வேளை வந்தீங்க. ஒரு வழக்கு இருக்கு. நீங்கதான் தீத்து வைக்கணும்.”

“விடு, அவங்களப் போட்டுத் தொந்தரவு பண்ணாத” என்றார் தாமெகிச்சி.

“நீங்க சும்மா இருங்க. ஐயா, அன்னைக்கி நீங்க கேட்ட மன்னிப்பு யார்கிட்ட கேட்டது? இவர்கிட்டயா, என்கிட்டயா?”

கட்டாகிரி டீக் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

“நீங்க ‘குடும்பத்தாருக்கு’ன்னு சொன்னீங்க. நான் அடுப்பங்கரையில இருந்து கேட்டேன். குடும்பத்துல நானும் உண்டுல்ல? இவரு என்னடான்னா முழுசும் தனக்குத்தான்னு வச்சிக்கிட்டாரு.”

“எனக்குத்தான்” என்றார் தாமெகிச்சி. “டிப்போ புதுசாக் கட்டினப்போ, சுவத்துல நான் பஸ்ஸ இடிச்சதா எழுதிட்டாங்க. நான் இடிக்கல. சுவத்தக் கட்டினவனே கோணலாக் கட்டியிருந்தான். அந்தக் கட்டடக்காரங்க வழியா வந்தவங்கதான் இவங்கன்னு பார்த்த உடனே தெரிஞ்சிக்கிட்டேன். எதுக்குன்னு நான் கேக்கவும் இல்ல. கேட்டா மரியாதையா இருக்காது.”

“அவங்க இடிக்கிற கம்பெனி. கட்டற கம்பெனி இல்ல.”

“இடிக்கறவனுக்குத்தான்டி கோணல் தெரியும்.”

“எனக்குன்னு ஏன் இருக்கக் கூடாது? கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து எனக்கு எத்தன பாக்கி இருக்கு. வெளியாளு வந்து தலை குனிஞ்சு சொல்லிட்டுப் போறாங்க. வீட்டுல இருக்கிற மனுஷன் வாயத் தொறக்கல.”

நாகுமோ டீயை ஒரே மடக்காகக் குடித்தான். கொதிக்கிற டீ.

கட்டாகிரி பாயிலிருந்து பின்னால் நகர்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்தார். “இந்த முறை எங்களால் தங்கள் குடும்பத்தாருக்கு நேர்ந்த அளவில்லாத…”

“வேணாம், வேணாம்” என்று தாமெகிச்சி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். “நான்தான் மன்னிச்சிட்டேனே. ஒருத்தர எத்தன தடவ மன்னிக்கிறது? பாக்கறவங்க நான் என்னமோ கறாரான ஆளுன்னு நெனச்சிடுவாங்க.”

இப்படியே போனால் சாயங்காலம் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. “ஐயா, அது உங்களுக்கு வந்த மன்னிப்பு இல்ல” என்றேன். “பின்னால வீட்டு ஒனோசுகா அம்மாவுக்கு வந்தது. அவங்க கிளி கெட்டுப்போச்சு. நாங்க வாசல் மாறி வந்துட்டோம்.”

தாமெகிச்சி மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தபோது, கிளியாவது ஒன்றாவது, வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்றிருந்தது எனக்கு.

தொயோ அம்மாள்தான் முதலில் அசைந்தார். அவர் கை வாய்க்குப் போனது. “அப்ப அந்த யோகான்?”

“அதுவும் அவங்களுக்குத்தான்.”

“அடக் கடவுளே. நாம தின்னுட்டமே.”

“ஓரத்துத் துண்டுகூட மிச்சமில்ல” என்றார் தாமெகிச்சி.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் வீடு அமளிப்பட்டது. தொயோ அம்மாள் மரியாதை முறைகள் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். மன்னிப்போடு வந்த பெட்டிக்குப் பதில் மரியாதை செய்யத் தேவையில்லை என்று போட்டிருந்தது. அடுத்தவர் மன்னிப்பைச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று போடவில்லை. “போடலன்னா செய்யணும்னுதான் அர்த்தம்” என்றார் தொயோ. தாமெகிச்சி கோட்டு மாட்டிக்கொண்டார். புது அறுவடை அரிசி ஒரு மூட்டை உள்ளேயிருந்து வந்தது. அதை நாகுமோ தோளில் ஏற்றிக்கொண்டான்; கல்யாணக் கோட்டு முதுகில் கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் கேட்காதது போல் இருந்தோம்.

ரித்சுகோ அம்மாள் கதவைத் திறந்தபோது வாசலில் ஐந்து பேர் குனிந்திருந்தோம். குட்டையாக, நரைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். உள்ளேயிருந்து மாமே தன் விலாசத்தைச் சொல்லிவிட்டு இடப்பக்கம் திரும்பியது.

“ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க” என்றார்.

கட்டாகிரி சொன்னார். பிறகு தாமெகிச்சி: “உங்க மன்னிப்ப நான் வாங்கிட்டேன். தெரியாமத்தான். யோகானயும் சாப்பிட்டோம்.”

“வாங்கிட்டு என்ன பண்ணீங்க?”

“மன்னிச்சிட்டேன்.”

“முழுசாவா?”

“முழுசா” என்றார் தாமெகிச்சி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ரித்சுகோ அம்மாள் கட்டாகிரி பக்கம் திரும்பினார். “எங்கிட்ட கேக்க வேண்டியத அவர்கிட்ட கேட்டீங்க. அவரும் குடுத்துட்டாரு. இப்ப நான் என்னத்தக் குடுக்கறது?”

“புதுசா ஒண்ணு கேக்கறோம் அம்மா. எங்களால் தங்கள் குடும்பத்தாருக்கு நேர்ந்த அளவில்லாத…”

“இருங்க. தொயோ, உங்க வீட்டுல சொன்னதும் இதேதானா?”

“இதேதான்” என்றார் தொயோ. “ஒரு எழுத்து மாறல.”

“என் குடும்பத்துல நானும் ஒரு கிளியும்தான். என்ன ‘குடும்பத்தார்’? யார் வீட்டுக்கு வந்திருக்கோம்னு பார்த்துப் பேசறதில்லையா? ஒரே கட்டுரையப் பேர மட்டும் மாத்தி ரெண்டு பேர் எழுதிக் குடுத்தா நான் வாங்கினதே இல்ல.”

கட்டாகிரி பாதிக் குனிவில் நின்றார். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. இருபது வருஷமாக அவர் வாய் வேறு வார்த்தையைத் தேடிப் போனதே இல்லை.

ரித்சுகோ அம்மாள் உள்ளே போய்க் கூண்டோடு வந்தார். நேரே தாமெகிச்சியின் கையில் கொடுத்தார்.

“நீங்கதானே மன்னிச்சீங்க? எத மன்னிச்சீங்கன்னு நீங்களே வச்சிருந்து கேளுங்க. கம்பு தானியம் காலையில ஒரு ஸ்பூன்.”

தாமெகிச்சி கூண்டை வாங்கிக்கொண்டார். தோள் லேசாகக் கீழே இறங்கியது. “ரொம்பச் சரி” என்றார். எனக்கென்னவோ அவர் சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது.

அரிசி மூட்டையை ரித்சுகோ அம்மாள் வாங்க மறுத்தார். கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போகத் தொயோ அம்மாள் மறுத்தார். கடைசியில் அது எங்கள் வண்டியில் ஏறியது. யோகான் பெட்டி இரண்டும் ரித்சுகோ அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டன.

பிறகு நடந்ததெல்லாம் தொயோ அம்மாள் போனில் சொல்லித்தான் தெரியும். தாமெகிச்சி கிளியை ஜன்னல் ஓரத்தில் வைத்து எதிரே உட்கார்ந்துகொள்கிறாராம். அது இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடது பக்கம் பார்த்து, “ஒண்ணும் வரல, போகலாம்” என்கிறாராம். முப்பது வருஷ பஸ் பழக்கம். அது விலாசம் சொன்னால், “சரியாச் சொல்லுது பாரு, நம்ம வீட்டு விலாசம்” என்று தொயோவைக் கூப்பிட்டுக் காட்டுகிறாராம். தொயோவுக்குக் காது வலிக்கிறதாம். இதற்கு யார் வந்து மன்னிப்பு கேட்பது என்று என்னைக் கேட்டார்.

“நாங்க வரட்டுமா அம்மா?”

“ஐயோ, நீங்க வராதீங்க. நீங்க வந்தா எந்த வீட்டுக்குப் போவீங்களோ!”

ஒரு வாரம் கழித்து ரித்சுகோ அம்மாள் கிளியைக் கேட்டு வந்திருக்கிறார். வீடு ரொம்பச் சத்தமில்லாமல் போய்விட்டதாம். அடுத்தவர் வீட்டில் ஒரு வாரம் கிளியை விட்டுவைத்ததற்காக, கையில் யோகான் பெட்டி. எங்கள் பெட்டியேதான், காகிதம்கூட மாற்றவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து அதை வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார்கள். டிப்போ சுவரைப் பற்றி தாமெகிச்சி எல்லாவற்றையும் சொல்ல, ரித்சுகோ அம்மாள் ஒரு காகிதத்தில் படம் போடச் சொல்லி, பார்த்துவிட்டு, “சுவருதான் கோணல்” என்று தீர்ப்புச் சொன்னாராம். அந்தக் காகிதம் இப்போது பூஜை மாடத்தில் இருக்கிறது. போட்டியில் மாமேவுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

கட்டாகிரிதான் தேறவில்லை. ஆபீஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவ்வப்போது கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் குனிந்து, புதுப் புது வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பார். எதுவும் பிடிக்காமல் திரும்பி வருவார். “எனக்குச் சொந்தமா வருத்தமே கெடையாதோன்னு தோணுது யோனெயாமா” என்றார் ஒரு நாள்.

நவம்பரில், முதல் பனி விழுவதற்கு முன்னால், இன்னொரு போன் வந்தது. ஒரு ஆண் குரல். ரொம்ப மெதுவாகப் பேசினார்.

“மூணாம் பகுதி பன்னெண்டுலேர்ந்து ஒனோசுகா பேசறேன்.”

“கிளி வீடா, பஸ் வீடா?” என்றேன்.

“ரெண்டும் இல்லீங்க. கடைசி வீடு.” கொஞ்சம் தயங்கினார். “எங்க நம்பர்ல மத்த வீடுங்களுக்கெல்லாம் நீங்க வந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போனதாச் சொல்றாங்க. எங்க பக்கத்து வீட்டுல, போன வாரம் நீங்க அவங்களுக்கும் வந்தீங்கன்னு…”

அது உண்மைதான். கிளி வீட்டுக்குப் போன அன்று அந்த மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தோமே என்று முதலாளி ஒரு டப்பா பிஸ்கட் அனுப்பியிருந்தார்.

“எங்களுக்கு மட்டும் வரல. அதான், நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமான்னு என் வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் தூங்கல. அப்படி ஏதாவது இருந்தா நாங்களே வந்து மன்னிப்பு கேட்டுக்கறோம்.”

முதலாளியிடம் சொன்னேன். அவர் பணப்பையை எடுத்துக்கொண்டே, “இவங்களுக்கு நாம என்ன கெடுதல் பண்ணோம்?” என்றார்.

“ஒண்ணும் பண்ணல.”

“அப்ப பிஸ்கட்டா, யோகானா?”

“யோகான்” என்று கட்டாகிரி எழுந்தார். கோட்டை அவரே போய் எடுத்தார்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். அந்த வீட்டு வாசல் கல்லைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு மூன்று ஜோடி, உள்ளே பார்த்து வரிசையாக இருந்தது. கணவனும் மனைவியும் முழங்காலிட்டுக் காத்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது இருக்கும். டாக்டர் என்ன சொல்வாரோ என்று உட்கார்ந்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

கட்டாகிரி குனிந்தார். வழக்கத்தைவிட மெதுவாக. அந்தப் பழைய வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“உங்க வீட்டுக்கு எங்களால ஒரு சங்கடமும் வரல” என்றார். “சத்தம் கேக்கல. தூசி வரல. லாரி இந்தப் பக்கம் வரவே இல்ல. உங்களுக்கு நாங்க எதுவுமே பண்ணல. பண்ணாததோட நிக்காம, இப்படி ஒரு வீடு இருக்குன்னே தெரியாம இருந்துட்டோம். அதுக்கு… அதுக்கு வருத்தமா இருக்கு.”

அந்த அம்மாள் ஏப்ரன் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “பரவாயில்லீங்க, பரவாயில்லீங்க” என்று மூச்சுவிட்டார். “உள்ள வாங்க. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க.”

மன்னிப்பு கேட்கப் போன வீட்டில் கட்டாகிரி டீயில் வாய் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று இரண்டு கோப்பை குடித்தார். ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் நாகுமோ கேட்டான். “இவ்வளவு நேரம் குனிஞ்சி நான் உங்களப் பார்த்ததில்ல சார். எதுக்கு அப்படி?”

“மத்த எடத்துல பண்ணின தப்புக்குத் தக்கன குனிவேன்” என்றார் கட்டாகிரி, பெல்ட்டை மாட்டிக்கொண்டே. “இங்க எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல.”